காந்தம் ஒட்டிவிட்டால் இரும்பா?

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



முதலாம் ஆண்டு ஸ்மிதி ஷாப் ஞாபகம் இருக்கிறதா? உருண்டைக் கம்பியைச் சதுரமாக அடிக்கச் சொல்வார்கள். பழுக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால், கருநீல நிறத்தில் செதில் செதிலாக ஏதோ உதிரும். ஜாப் முடிந்ததும் அதைத் துடைப்பத்தால் மூலைக்குத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் தள்ளினேன். அந்தக் குப்பையில் 100க்கு ஏறத்தாழ 70 பங்கு இரும்பு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பூமியைத் தோண்டி எடுக்கிற நல்ல இரும்புத் தாதுவில்கூட இரும்பு 60, 65 சதவீதம்தான். ஆக, நாம் பெருக்கித் தள்ளியது தாதுவைவிட உசத்தியான சரக்கு! சூடான இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேல்தோல் முழுக்க ஆக்சைடாகிவிடுகிறது, அவ்வளவுதான். நம் பட்டறையில் ஒரு கைப்பிடி விழுகிறது என்றால், நாள் முழுக்கக் கம்பி உருட்டுகிற ரோலிங் மில்லில் மூட்டை மூட்டையாக விழும். அங்கே இதற்கு 'மில் ஸ்கேல்' என்று பெயர். காய்ந்த செதிலை சிமெண்ட் ஆலைகளும் பெரிய உருக்காலைகளும் வாங்கிக்கொள்கின்றன. பிரச்சினை, தண்ணீரும் உருளை எண்ணெயும் கலந்து தொட்டியின் அடியில் சேறாகத் தங்குகிற நயமான தூளில்தான். அதைச் சுலபத்தில் யாரும் சீண்டுவதில்லை. பழைய இரும்பை உருக்குகிற மின்வில் உலைகளின் தூசி இன்னும் மோசம். நாகத்தகடும் சேர்ந்து உருகுவதால் அதில் துத்தநாகமும் ஈயமும் கலந்திருக்கும்.

இந்தக் கழிவிலிருந்து மறுபடியும் இரும்பை எடுக்க முடியுமா என்பதுதான் போன செமஸ்டரில் நாங்கள் நான்கு பேர் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட். எப்படி எடுப்பது என்பதைவிட, எடுத்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம் என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க கார்பன் வேண்டும். இது பத்தாம் வகுப்புப் பாடம். பெரிய ஊதுலைகள் இதற்குக் கோக் போடுகின்றன. கோக் தயாரிக்கத் தேவையான நிலக்கரியில் பெரும்பகுதியை நம் நாடு வெளிநாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்கிறது. உலகம் முழுக்க வெளிவருகிற கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் இந்த இரும்பு உருக்குத் தொழிலிலிருந்து வருகிறது என்கிறார்கள். நிலக்கரிக்குப் பதில் வயலில் மிஞ்சுகிற உமி, தோல், சக்கை, சருகு என்று எதையாவது கரியாக்கிப் போட்டால் என்ன? அந்தக் கார்பன் போன வருஷம் காற்றிலிருந்து செடி எடுத்ததுதான். அடுத்த வருஷப் பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது மைக்ரோவேவ். 1945இல் அமெரிக்காவின் ரேத்தியான் கம்பெனியில் ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது தன் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் சமையலறை ஓவன். வீட்டு ஓவனின் அலைவரிசை 2,450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கரியும் அதே அளவுக்கு உறிஞ்சும். செதிலில் இருக்கிறதே மேக்னடைட், அதுவும் நன்றாக உறிஞ்சும்! சாதாரண உலையில் சூடு வெளியிலிருந்து உள்ளே ஊர்ந்துபோக வேண்டும். நயமான தூளும் கரியும் கலந்த உருண்டையில் சூடு சீக்கிரம் நகராது. மைக்ரோவேவில் உருண்டை தன் உடம்புக்குள்ளேயே காய்கிறது. இரும்பு உருவாக உருவாக அலையைத் திருப்பி அடிக்க ஆரம்பிக்கும், பொறி பறக்கும். அது வேறு தலைவலி.

இது ஏதோ பையன்கள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ரியோ டின்டோ என்கிற மிகப்பெரிய சுரங்கக் கம்பெனி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'பயோஅயர்ன்' என்ற பெயரில் இதே வழியைச் சோதித்தது. வைக்கோல், கரும்புச்சக்கை மாதிரியான பொருளோடு தாதுவைக் கலந்து மைக்ரோவேவில் காய்ச்சுவதுதான் அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே ராக்கிங்ஹாமில் மணிக்கு 1 டன் அளவில் ஒரு சோதனை ஆலை கட்ட 21.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்குவதாக 2024இல் அறிவித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சுரங்கத் தாது. நாங்கள் எடுத்துக்கொண்டது குப்பை. அவர்களிடம் கோடி இருந்தது. எங்களிடம் கதவுக் கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு செகண்ட்ஹேண்ட் ஓவன் இருந்தது!

கரிக்கு எங்கே போவது? நாங்கள் திண்டிவனத்துப் பக்கத்துப் பையன்கள். எங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. மல்லாட்டைத் தோல்! (வெளியூர் நண்பர்களுக்காக: நீங்கள் நிலக்கடலை என்பதுதான் எங்களுக்கு மல்லாட்டை.) திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்களை நாடு முழுக்க விதைத்திருக்கிறார்கள். அந்த டி.எம்.வி. என்பது நம்ம திண்டிவனம்தான். நெல் உமி இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் 100 கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அத்தனையும் இரும்போடு கசடாக உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்டச் சுண்ணாம்பு வேறு போட வேண்டும். மல்லாட்டைத் தோலில் சாம்பல் மிகக் குறைவு.

என் அத்தை மல்லாட்டை உடைக்கிற மில்லில் சலிக்கிற வேலை செய்கிறார். அவரிடம் சொல்லி இரண்டு மூட்டைத் தோல் வாங்கினோம். மூடி போட்ட பழைய எண்ணெய் டின்னில் அடைத்து, வெளியே தீ மூட்டிக் கரியாக்கினோம். புதுச்சேரி பக்கம் ஒரு ரோலிங் மில்லில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பை செதில். அரைத்து, சலித்து, கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருண்டை பிடித்தோம். 50 கிராம் செதிலுக்கு 15 கிராம் கரி. சூளைச் செங்கல்லைக் குடைந்து அதற்குள் மூசையை வைத்து, ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே காற்றோட்டமான ஷெட்டில், லேப் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் நிற்க, 25 நிமிஷம் ஓட்டினோம். தயவுசெய்து இதை வீட்டு ஓவனில் செய்து பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மின்வில் உலைத் தூசியை நாங்கள் தொடவே இல்லை. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், ஈயமும் கூடவே கிளம்பும். அதைப் பிடிக்கிற வசதி நம் லேபில் இல்லை.

ஆறியபின் மூசையைக் கவிழ்த்தோம். சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக விழுந்தது. ஒருவன் ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்தான். காட்டினோம். 'டக்'கென்று ஒட்டியது!

குதித்தோம். ஒருவன் கேண்டீனுக்கே ஓடிவிட்டான் பப்ஸ் வாங்க. ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் போட்டோ ஒட்டுவது என்பதுவரை பேசிவிட்டோம். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த செதில் பையைக் காட்டி, "ஏம்பா, இதுகிட்டயும் அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

காட்டினோம். அதுவும் ஒட்டியது. இன்னும் நன்றாகவே ஒட்டியது.

மேக்னடைட் என்ற பெயரிலேயே காந்தம் இருக்கிறது. அது ஆக்சைடாக இருக்கும்போதே காந்தத்தில் ஒட்டும். நாங்கள் அந்த 25 நிமிஷமும் ஓவனை ஆன் செய்யாமலே இருந்திருந்தாலும் காந்தம் ஒட்டியிருக்கும்! ரெண்டு வருஷம் மெட்டீரியல் சயின்ஸ் படித்த நான்கு பேருக்கு இது தோன்றவில்லை. பப்ஸோடு வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

எடை குறைந்ததே, ஆக்சிஜன் போயிருக்குமே என்று சமாளித்துப் பார்த்தோம். "கரியும்தானே எரிஞ்சு போச்சு? எது குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவே?" என்றார். அதற்கும் பதில் இல்லை. பிறகு அவரே வழி சொன்னார். மயில்துத்தக் கரைசலில் தூளைப் போடு, உலோக இரும்பு இருந்தால் தாமிரம் சிவப்பாகப் படியும், ஆக்சைடு என்றால் படியாது. போட்டோம். பச்சைச் செதில் போட்ட குழாய் நீலமாகவே இருந்தது. எங்கள் 'இரும்பு' போட்ட குழாயின் அடியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு மெல்லிய சிவப்பு. அவ்வளவுதான். உருண்டையின் நடுவில் மட்டும் கொஞ்சம் இரும்பாகியிருந்தது. மேலே இருந்தது காற்று பட்டு மறுபடி துருவாகியிருந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அந்த இன்ஸ்ட்ரக்டர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால்? காந்தத்தோடு போட்டோ எடுத்து, 'கழிவிலிருந்து காசு' என்று சார்ட் எழுதி, வைவாவில் மார்க் வாங்கியிருப்போம். எக்ஸ்டர்னல் காந்தத்தைக் காட்டச் சொல்லியிருப்பார், ஒட்டியிருக்கும், கையெழுத்துப் போட்டிருப்பார். பொய் சொன்னோம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தெரிந்தே செய்கிற கூத்தும் இருக்கிறது. டவுனில் கடை வைத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கிறார்கள். மாடல், ரிப்போர்ட், பைண்டிங், வைவா கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே ரேட். நான்கு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும் என்கிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் செதிலைப் பொறுக்கப் போனோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். ப்ராஜெக்டுக்கு இவ்வளவு ஆகும் என்று போய்க் கேட்டால், "பரீட்சைக்கா ஃபீஸு?" என்றுதான் கேட்பார்கள். வாங்கி வைக்கிற மாடல் கட்டாயம் ஓடும். எங்களுடையது ஓடவில்லை. ஆனால் ஏன் ஓடவில்லை என்று ஐந்து பக்கம் என்னால் எழுத முடியும். வாங்கியவனால் ஒரு பக்கம்கூட முடியாது.

கணக்கு இதோடு முடியவில்லை. காந்தம் மாதிரியே நம்மை ஏமாற்றுகிற இன்னொரு வார்த்தை 'கழிவு'.

தோல் மூட்டையைத் தூக்கும்போது அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, இந்தத் தோலுக்கு இவ்ளோ கிராக்கி வந்துடுச்சுன்னா நாங்க எதைப் போட்டு எரிக்கிறது?" நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை. சிலிண்டர் வந்தபிறகும் எங்கள் தெருவில் வெந்நீர் அடுப்பு தோலில்தான் எரிகிறது. செங்கல் சூளைக்குப் போகிறது, பாய்லருக்குப் போகிறது. கரும்புச் சக்கையைச் சர்க்கரை ஆலையே எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறது. வைக்கோலை மாடு தின்கிறது. நம் ஊரில் சும்மா கிடக்கிற கழிவு என்று எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு ஏழை வீட்டு அடுப்போ ஒரு மாடோ சொந்தக்காரராக இருக்கிறது.

ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு தோல் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். சமன்பாட்டுப்படி ஆக்சிஜன் முழுவதும் கார்பன் மோனாக்சைடாகப் போனால் 300 கிலோவுக்கு மேல் கார்பன் வேண்டும். தோலைக் கரியாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, அதிலும் சாம்பல் உண்டு. ஆக ஏறத்தாழ ஒன்றரை டன் தோல். அந்தத் தோலுக்கு 5 டன் மல்லாட்டைக் காய் உடைபட வேண்டும். ஒரு டன் இரும்புக்கு இவ்வளவு! நாளைக்கு 10 டன் என்று ஒருவர் ஆலை போட்டால் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் மூன்று பக்கத்துத் தோலுக்கும் லாரி வந்து நிற்கும்.

இதில் நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. விழுப்புரத்தில் மயிலாடுதுறை ரயில் ஏறினால் கடலூர் தாண்டி, சிதம்பரத்துக்கு முன்னால் பரங்கிப்பேட்டை வரும். இங்கே 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஒரு இரும்பாலை தொடங்கினார். விழுப்புரமும் கடலூரும் 1993இல் பிரிகிறவரை ஒரே தென்னாற்காடு மாவட்டம்தானே, ஆகவே அது நம்ம ஜில்லா ஆலை! தாது சேலம் பக்கத்து மேக்னடைட், அதாவது நம் செதிலில் இருக்கிற அதே சரக்கு. எரிபொருள் நிலக்கரி அல்ல, காட்டு மரத்தை வெட்டிச் சுட்ட கரி. இன்றைக்கு 'பயோமாஸ்' என்று புதுப்பெயர் வைத்துக் கொண்டாடுகிறோமே, அதேதான். அங்கே காய்ச்சிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. தரத்தில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்தத் தொழில் நிலைக்கவில்லை. கை மாறி, புதுக் கம்பெனியாகி, பேப்பூர், திருவண்ணாமலை என்று கிளை பரப்பியும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எல்லாம் மூடிப்போயிற்று. கடன் ஒரு காரணம். கரி இன்னொரு காரணம். பக்கத்துக் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு தூரத்துக் காட்டுக்குப் போகப் போக, கரியின் விலை இரும்பைத் தின்றுவிட்டது. தாதுவைக் கணக்குப் பார்த்தவர்கள் மரம் எத்தனை வருஷத்தில் திரும்ப வளரும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

அதற்கும் முன்னால் நம்மவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் மூசை உருக்கு காய்ச்சிய இடம் இருந்ததை சாரதா சீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர் 1994இல் எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்து உருக்கு மூசைகளுக்கு உமி கலந்த களிமண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். நாங்கள் கடையில் வாங்கிய மூசை இரண்டாவது தடவையே விரிசல் விட்டது என்பது கொசுறுத் தகவல்.

அடுத்தது கரண்ட் கணக்கு. இதைத்தான் யாரும் சார்ட்டில் எழுதமாட்டார்கள். எங்கள் ஓவன் 25 நிமிஷத்தில் அரை யூனிட் இழுத்தது. 50 கிராம் செதிலும் முழுக்க இரும்பாகியிருந்தால்கூட 36 கிராம்தான் கிடைத்திருக்கும். டன்னுக்குப் பெருக்கினால் சுமார் 14,000 யூனிட்! சின்ன ஓவன், நஷ்டம் அதிகம், சரி. நஷ்டமே இல்லாத உலை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு புத்தக எண்களை வைத்துப் போட்டாலும், ஹேமடைட்டைக் கார்பன் வைத்து இரும்பாக்கும் வினைக்கு மட்டும் டன்னுக்கு 1,200 யூனிட்டுக்கு மேல் வருகிறது. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்க 500லிருந்து 600 யூனிட் போதும். அந்தக் கரண்ட் நிலக்கரியை எரித்து வருகிறது என்றால், முன்வாசலில் துரத்திய நிலக்கரியைக் கொல்லைப்பக்கமாக உள்ளே விட்ட மாதிரிதான்.

அப்படியானால் இந்த வழியே வீணா? இல்லை. அங்கேதான் என் கருத்து மாறுபடுகிறது. அதே கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். வினையில் வெளியே போகிற கார்பன் மோனாக்சைடைப் பிடித்து எரித்தால், டன்னுக்கு 2,100 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் கிடைக்கிறது! தேவைக்கு மேலேயே இருக்கிறது. நாங்கள் அதைத்தான் ஷெட் கூரை வழியாக ஆகாயத்துக்கு விட்டோம். தோலைக் கரியாக்கும்போது வந்த புகையிலும் எரிகிற வாயு இருந்தது, அதையும் விட்டோம். இந்த இரண்டு வாயுவையும் எரித்து உருண்டையை 700, 800 டிகிரி வரை ஏற்றிவிட்டு, உள்ளே சூடு ஏற மறுக்கிற கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மைக்ரோவேவை வைத்தால் கரண்ட் பில் பெருமளவு இறங்கும். முழுச் சாப்பாட்டையும் மைக்ரோவேவில் சமைக்காதே, தாளிக்க மட்டும் வைத்துக்கொள் என்கிறேன்.

கரிக்கும் ஒரு வழி தோன்றுகிறது. ஏரிக்குள்ளும் தரிசிலும் மண்டிக்கிடக்கிற வேலிகாத்தானை வெட்டி ஒழிக்க வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். ஊடுருவிய அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அதன் கரி நல்ல கெட்டிக் கரி, மாட்டுத் தீவனமும் இல்லை. அதையும் நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அவர்களிடமே நல்ல விலைக்கு வாங்கலாமே, அடுப்பிலிருந்து பிடுங்குவது போலாகாது. ஒன்று, ஏரியில் வேலிகாத்தான் தீர்ந்துபோகிற நாள் வரும், வரவும் வேண்டும். பரங்கிப்பேட்டை மாதிரி அதை நம்பிப் பெரிய உலை கட்டிவிடக்கூடாது. ஒரு ரோலிங் மில் வாசலில், அந்த மில்லின் எண்ணெய்ச் சேற்றை மட்டும் தின்கிற சின்ன உலையாக இருந்தால் போதும்.

இதையெல்லாம் நாங்கள் செய்து முடிக்கவில்லை. செமஸ்டர் முடிந்துவிட்டது. இங்கேதான் மாணவர் சங்கத்துக்கும் துறைக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருஷமும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் தங்க எழுத்து பைண்டிங்கில் லைப்ரரி அலமாரிக்குப் போகின்றன. எல்லாம் வெற்றிதான், தோல்வி என்று ஒன்றுகூட கிடையாது! அடுத்த பேட்ச் அதே தலைப்பை ஒன்றாம் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது, அதே காந்தத்தைக் காட்டுகிறது. 'இதுவரை வந்தோம், இங்கே நின்றுவிட்டது' என்று எழுதுகிற ரிப்போர்ட்டுக்கும் மார்க் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஜூனியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். சங்கம் கேட்டால் துறையில் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்கத்தான் வேண்டும். எங்களுக்கு வைவாவில் என்ன மார்க் வந்தது என்று கேட்காதீர்கள். காந்தம் பற்றி உண்மையைச் சொன்னோம், எக்ஸ்டர்னல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மயில்துத்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சிவப்பு இருக்குதுப்பா" என்றார்.

இரண்டாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு: எங்கள் நோட்டு இன்ஸ்ட்ரக்டரிடம் இருக்கிறது. நேரம், எடை, எத்தனாவது நிமிஷத்தில் பொறி வந்தது எல்லாம் அதில் உண்டு. கையெழுத்துதான் கொஞ்சம் கோழிக் கிறுக்கல். முக்கால் பை செதிலும் அரை மூட்டை மல்லாட்டைக் கரியும் ஸ்மிதி ஷாப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூசை மட்டும் புதுசு வாங்க வேண்டும்.